திருமண அழைப்பிதழில் மயிரிழைச் சாய்வெழுத்து: தமிழோடு எப்படிப் பொருத்துவது?

கொழிஞ்சாம்பாறை அச்சகத்தார் கேட்டது:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறிய அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் திருமண அழைப்பிதழ்களில் பல மூன்று மொழிகளில் அமைகின்றன. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து உறவினர்களுக்குத் தமிழ்; பாலக்காடு, திருச்சூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு மலையாளம்; பெங்களூரிலும் வெளிநாட்டிலும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கு ஆங்கிலம். மூன்றும் ஒரே அட்டையில் வர வேண்டும் என்று கேட்கும் குடும்பங்களும் உண்டு.

அண்மைக் காலமாக மணமக்கள் கைப்பேசியில் ஒரு மாதிரியைக் காட்டி, தங்கள் பெயர்கள் அதே எழுத்தில் வேண்டும் என்கிறார்கள். ஃபேஷன் இதழ்களின் பக்கங்களில் காணும் எழுத்து அது: தடித்த கோடு நன்றாகத் தடித்தும், மெல்லிய கோடு மயிரிழை அளவுக்கு மெலிந்தும், முனைகளில் நுண்ணிய செரிஃப் கீற்றுகளோடும் வலப்பக்கம் சாய்ந்து ஓடும் பொடோனி, டிடோ வகைச் சாய்வெழுத்து. எனக்கும் அந்த எழுத்தின் மீது மிகுந்த விருப்பம் உண்டு. திரையில் அதைப் பார்க்கும்போது வேறெந்த அலங்காரமும் அட்டைக்குத் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் சொரசொரப்பான ஐவரி அட்டையில் தங்க ஃபாயில் (சூடான பிளாக்கால் அழுத்தி ஒட்டும் மெல்லிய தங்க நிறத் தாள்) போட்டு எடுத்தபோது மெல்லிய கோடுகள் பல இடங்களில் விழவே இல்லை. சிறிய 'என்' (n) என்ற எழுத்து இரண்டு தனிக் குச்சிகளாக நின்றது. லேசர் பிரிண்டரில் எடுத்த புரூஃபில் (மாதிரி அச்சில்) இப்படி ஒரு குறையே தென்படவில்லை. அதே வடிவமைப்பைக் கருஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஆஃப்செட்டில் அடித்த உறையிலும் கோடுகள் அடைபட்டுப் போயின.

இரண்டாவது சிக்கல் தமிழ் பற்றியது. ஆங்கிலப் பெயர் அவ்வளவு அழகாக இருக்கும்போது, கீழே வரும் தமிழ்ப் பெயரும் அதே சாயலில் வேண்டும் என்று பெண்வீட்டார் கேட்கிறார்கள். கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் எழுத்தை 15 பாகை சாய்த்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒவ்வவில்லை, ஏன் ஒவ்வவில்லை என்பதைத்தான் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை. மயிரிழைக் கோடுகளைக் காப்பாற்றும் வழியையும், இந்தச் சாய்வெழுத்துக்கு அருகில் தமிழை எப்படி நிறுத்துவது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


செங்கோட்டை ஆஃப்செட் எழுதியது:

வணக்கம் நண்பரே. அச்சுப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். எழுத்தின் வடிவத்தைப் பற்றி இங்கே என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் உங்கள் மயிரிழை எத்தனை பாயிண்ட் என்பதை அளந்து பாருங்கள். கோரல்டிராவில் அந்த எழுத்தை 100 பாயிண்டில் அமைத்து, கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, மிக மெல்லிய இடத்தின் அகலத்தை அளந்தால் போதும். அங்கே 2 பாயிண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மயிரிழை எழுத்தளவில் 2 சதவீதம். அதே எழுத்தை 48 பாயிண்டில் அடித்தால் அந்தக் கோடு 0.96 பாயிண்ட், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எந்த முறையிலும் தடையின்றி விழும். 14 பாயிண்டில் அடித்தால் 0.28 பாயிண்ட், அதாவது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். வழவழப்பான ஆர்ட் பேப்பரில், ஒரே கறுப்பு மையில், ஆஃப்செட் இதைத் தாங்கிவிடும். ஆனால் சூடேற்றிய பிளாக் (எழுத்து புடைத்து நிற்கும் உலோகத் தகடு) சொரசொரப்பான அட்டையின் மேடுகளை மட்டும் தொட்டுவிட்டுப் பள்ளங்களைத் தாண்டிப் போகும்போது 0.1 மில்லிமீட்டர்க் கோட்டுக்குப் பிடிப்பதற்கு இடமே இருப்பதில்லை. ஃபாயிலுக்கு அரை பாயிண்டுக்குக் குறைந்த கோட்டை நான் ஒப்புக்கொள்வதில்லை. சொரசொரப்பு அதிகமான அட்டை என்றால் அதற்கும் மேல் கேட்பேன். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கும் ஏறக்குறைய இதே அளவைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

லேசர் புரூஃப் உங்களுக்குச் சரியாகத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசரில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.042 மில்லிமீட்டர். 0.1 மில்லிமீட்டர்க் கோட்டுக்கு இரண்டு அல்லது மூன்று புள்ளிகள்தான் கிடைக்கும். டோனர் சற்றுப் பரவுவதால் கோடு இருப்பதைவிடத் தடித்தே தெரியும். ஆகவே மயிரிழை எழுத்துக்கு லேசர் புரூஃபைப் பார்த்து ஒப்புதல் வாங்காதீர்கள். அதே அட்டையில், அதே முறையில், சிறு துண்டு ஒன்றையாவது அடித்துக் காட்டுவதே முறை.

உறையில் வெள்ளை எழுத்து அடைபட்டது வேறு காரணத்தால். கருஞ்சிவப்பை நான்கு நிறங்களில் கட்டியிருப்பீர்கள். நான்கு பிளேட்டும் இம்மியும் பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று அமர்ந்தால்தான் உள்ளே இருக்கும் வெள்ளை மயிரிழை வெள்ளையாகவே இருக்கும். ரெஜிஸ்டர், அதாவது பிளேட்டுகளின் பொருத்தம், 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே மெஜந்தாவோ கறுப்போ அந்த இடைவெளிக்குள் புகுந்து விடும். அத்தோடு, மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் மை பரவி மீதியையும் நிரப்பும். இப்படி நிறத்துக்குள் வெள்ளையாக விடும் ரிவர்ஸ் எழுத்து கட்டாயம் வேண்டுமென்றால் பின்னணியை ஒரே தனி மையாகக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள். அல்லது அந்த வரிக்குத் தடிப்பும் மெலிவும் அவ்வளவு வேறுபடாத எழுத்தைப் பயன்படுத்துங்கள்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. எழுத்தின் மீது அதே நிறத்தில் 0.1 பாயிண்ட் அவுட்லைன் கொடுத்தால் எல்லாக் கோடுகளும் 0.1 பாயிண்ட் தடிக்கும். 14 பாயிண்டில் 0.28 ஆக இருந்த மயிரிழை 0.38 ஆகும், 1.4 பாயிண்ட் அகலமுள்ள தடித்த கோடு 1.5 ஆகும். மெல்லிய கோடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடிக்க, தடித்த கோட்டில் பெரிய மாற்றம் தெரியாது. இருந்தாலும் உள்வெளிகள் குறுகும், செரிஃப் முனைகள் மழுங்கும். இது தேவைக்குச் செய்யும் வேலையே தவிர முறையான வேலை அல்ல.


களியக்காவிளை எழுத்துவரைவர் எழுதியது:

செங்கோட்டை அண்ணன் சொன்ன கணக்கு முழுவதும் சரி. அந்தக் கணக்குக்கு ஏற்ற எழுத்துருவை முறையாகத் தேர்ந்தெடுக்கும் வழி ஒன்று இருப்பதால், அவுட்லைன் கொடுக்கும் நிலைக்கே நீங்கள் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்கு இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சாய்வெழுத்து முதலில் அலங்காரமாக வரவில்லை. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501இல் வெர்ஜிலின் கவிதைகளைக் கைக்கடக்கமான நூலாக வெளியிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக் கொடுத்த சாய்வெழுத்தில் நூல் முழுவதையும் அமைத்தார். அதில் தடிப்புக்கும் மெலிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பட்டை முனைப் பேனாவின் எழுத்து அது. 18ஆம் நூற்றாண்டில் கூர்முனைப் பேனா பரவியதும் எழுத்தின் இயல்பே மாறியது. கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் முனை விரிந்து கோடு தடிக்கும்; அழுத்தாமல் மேலே கொண்டு சென்றால் மயிரிழைதான் விழும். பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில், பார்மாவில் ஜியாம்பட்டிஸ்டா பொடோனி, பாரிசில் ஃபிர்மின் டிடோ ஆகியோர் அந்தப் பேனாவின் நளினத்தை உலோகத்துக்குக் கொண்டு வந்தார்கள். பொடோனி மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1818இல், அவருடைய மனைவி இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட அச்செழுத்து மாதிரி நூலைப் பார்த்தால் அந்த உழைப்பின் அளவு தெரியும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாஸ்கர்வில் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. மையையும் அச்சுப்பொறியையும் சீர்செய்தார், வழவழப்பான தாளைத் தேடினார், அடித்த தாளைச் சூடான தகடுகளுக்கு இடையே அழுத்தி மேலும் மெருகேற்றினார். மயிரிழையும் வழவழப்பான தாளும் சேர்ந்தே வளர்ந்தவை. ஆகவே சொரசொரப்பான அட்டையில் இந்த எழுத்து விழவில்லை என்றால் அதில் வியப்பு எதுவும் இல்லை. எழுத்து ஒரு காலத்துத் தாளுக்காகப் பிறந்தது. நீங்கள் வேறொரு தாளைக் கொடுத்திருக்கிறீர்கள்.

உலோக எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியே அச்சு வெட்ட வேண்டியிருந்தது. 8 பாயிண்ட் எழுத்தை வெட்டுபவர் மயிரிழையைச் சற்றுத் தடிப்பாகவும் எழுத்தை அகலமாகவும் வைத்தார். பெரிய அளவில் மட்டுமே கோட்டை மெலியவிட்டார். பிற்காலத்தில் ஒரே வரைவை எல்லா அளவுக்கும் பெருக்கியும் சுருக்கியும் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்த அறிவு நழுவிப் போயிற்று. 1990களில் அதை மீட்டார்கள். ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஜோனதன் ஹோஃப்ளர் வரைந்த டிடோ, 6 முதல் 96 பாயிண்ட் வரை ஏழு அளவுகளுக்குத் தனித்தனி வடிவங்களைக் கொண்டது. 1994இல் வந்த ஐடிசி பொடோனி 6, 12, 72 என்ற மூன்று அளவுகளுக்கு வரையப்பட்டது. இலவசமாகக் கிடைப்பவற்றில், ஓவன் ஏர்ல் வரைந்த பொடோனி மோடா 6 முதல் 96 வரை அளவுக்கு ஏற்ப மயிரிழை மாறும் எழுத்துரு. அதற்குச் சாய்வெழுத்தும் உண்டு. உங்கள் கோரல்டிரா பழைய பதிப்பாக இருந்து மாறும் எழுத்துருவை ஏற்கவில்லை என்றால், அளவுவாரியாகப் பிரித்த தனிக் கோப்புகளை நிறுவிக்கொள்ளுங்கள். மணமக்கள் பெயருக்குப் பேரளவு வடிவம், முகவரிக்கும் முகூர்த்த நேரத்துக்கும் சிற்றளவு வடிவம் என்று பிரித்தாலே உங்கள் முதல் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஃபாயிலுக்கு இதில் ஒரு படி கீழே இறங்கலாம்: 30 பாயிண்டில் அடிக்கும் பெயருக்கு 11 பாயிண்டுக்கான வடிவத்தைப் போட்டால் மயிரிழை தானாகவே தடிப்பாக இருக்கும், எழுத்தின் விகிதமும் கெடாது.

'என்' எழுத்து இரண்டு குச்சிகளாக நின்றதற்கும் காரணம் சொல்லலாம். நேரெழுத்தில் இரண்டாவது கால் மேலே, தோளருகே பிரிகிறது, இணைப்புக் குட்டையானது. சாய்வெழுத்திலோ பேனாவை எடுக்காமல் முதல் காலின் அடியிலிருந்து மேல்நோக்கி வந்து இரண்டாவது காலை எழுதுவதால், அந்த இணைப்பு முழுவதும் நீண்ட மயிரிழை. 'எம்', 'யு', 'ஆர்' எல்லாவற்றிலும் இதே அமைப்புத்தான். அதனால் அதே அளவு நேரெழுத்து பிழைத்துவிடும் அட்டையிலும் சாய்வெழுத்து உடைகிறது.

இனித் தமிழுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. கணினியில் எழுத்தை வலப்பக்கம் சாய்க்கும்போது நடப்பது என்ன? வலப்புறம் மேல்நோக்கி ஏறும் கோடுகள் நீண்டு மெலிகின்றன. இடப்புறம் மேல்நோக்கி ஏறும் கோடுகள் குறுகித் தடிக்கின்றன. நேர்க்கோடுகளால் ஆன எழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. 'ண', 'ன', 'ழ', 'ஒ', 'ஜ' ஆகியவற்றின் சுழிகளிலும், ஒற்றைக் கொம்பிலும், இரட்டைச் சுழிக் கொம்பிலும், 'ஐ'காரக் குறியிலும் ஒவ்வொரு வளைவும் இந்த இரண்டு திசைகளிலும் மாறி மாறிப் போகிறது. எனவே ஒரே சுழிக்குள் கோடு காரணமின்றி மெலிந்து தடித்து, வட்டம் நசுங்கிய முட்டையாகிறது. எந்தக் கையும் எந்தப் பேனாவும் இப்படி எழுதியதில்லை என்பதைக் கண் உடனே உணர்ந்துகொள்கிறது. பெண்வீட்டாரிடம் இரண்டு 'ண' எழுத்துகளைப் பெரிதாக அச்சடித்து அருகருகே வைத்துக் காட்டுங்கள்; விளக்கம் தேவைப்படாது.

சாய்க்காமல் மயிரிழையை மட்டும் தமிழுக்குக் கொண்டு வரலாமே என்று கேட்கலாம். அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். கூர்முனைப் பேனாவின் இலக்கணப்படி நெடுங்கோடு தடிக்கும், கிடைக்கோடு மெலியும். ஆங்கிலத்துக்குப் பயன்படும் உரோம எழுத்தில் பெரும்பாலானவற்றுக்கு அடையாளம் தருவது நெடுங்கோடுகளும் வளைவுகளும். கிடைக்கோடு மெலிந்தாலும் படித்துவிடலாம். தமிழில் 'ட', 'ப', 'ம', 'ய', 'ழ' ஆகிய எழுத்துகள் அடியில் ஓடும் கிடைக்கோட்டின் மீதே நிற்கின்றன. அந்தக் கோட்டை மயிரிழையாக்கினால் 'ட' ஒற்றைக் குச்சியாகும். 'ப' இணைப்பில்லாத இரண்டு தூண்களாகும். 'ர' எழுத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சிறிய சாய்ந்த பாதத்தில் இருக்கிறது. அது மெலிந்து மறைந்தால் பெயரையே தவறாகப் படிப்பார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் நம் எழுத்துக்கு ஒரே தடிப்புத்தான் இருந்தது. தடிப்பும் மெலிவும் அச்சோடு வந்தவை. 1578இல் கொல்லத்தில் முதல் தமிழ் நூல்களில் ஒன்று அச்சேறியது முதல், நம் எழுத்தை வெட்டியவர்கள் இந்த எல்லையை எங்கே வைப்பது என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வகையில் முடிவு செய்திருக்கிறார்கள். என் அளவில், தமிழில் மெல்லிய கோடு தடித்த கோட்டின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது.

எனவே தமிழ்ப் பெயரை நேராகவே நிறுத்துங்கள். மிதமான தடிப்பு வேறுபாடு உள்ள நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது டிரோ தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தடிப்புள்ள எழுத்துருக்கள் பொடோனிக்கு அருகில் கனமாகத் தெரியும். அவற்றை இலேசான எடையில் வைத்தால் ஒருவாறு பொருந்தும். அளவைப் பொறுத்தவரை, இரண்டு மொழிக்கும் ஒரே பாயிண்ட் கொடுத்தால் தமிழ் பெரிதாகத் தோன்றும். பொடோனியின் சிறிய 'எக்ஸ்' உயரத்தைவிடத் தமிழ் 'ப' இலேசாக உயர்ந்திருக்கும் வரை தமிழின் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வரி இடைவெளியைத் தமிழை வைத்தே முடிவு செய்யுங்கள். மேலே 'ீ' சுழியும் கீழே 'கூ', 'ழு' போன்றவற்றின் வாலும் மோதிக்கொள்ளாமல் இருக்க ஆங்கில வரியைவிடக் கூடுதல் இடம் வேண்டும்.

ஆங்கிலம் சாய்ந்தும் தமிழ் நேராகவும் இருந்தால் பொருந்தாது என்று யாராவது சொன்னால், ஆல்டஸின் 1501ஆம் ஆண்டு நூலையே சான்றாகக் காட்டலாம். அதில் சிறிய எழுத்துகள் சாய்ந்திருக்க, வரித் தொடக்கப் பெரிய எழுத்துகள் நேராகவே நிற்கின்றன.


நகரி வடிவமைப்பகம் எழுதியது:

களியக்காவிளை அம்மா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். தமிழ் சாயவே கூடாது என்ற முடிவை மட்டும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

நாங்கள் ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர்ப் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்திரிகைகளை அமைக்கிறோம். தமிழ் வார இதழ்கள் கதைத் தலைப்புகளையும் மேற்கோள்களையும் நெடுங்காலமாகச் சாய்த்து அச்சிட்டு வந்திருக்கின்றன. வாசகர்களின் கண் அதற்குப் பழகியிருக்கிறது. கணினி சாய்ப்பதும் எழுத்துவரைவர் சாய்த்து வரைவதும் ஒன்றல்ல. தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் எழுத்துரு கையெழுத்தின் சாய்வோடு பிறந்தது. அதில் சுழிகள் நசுங்கவில்லை, ஏனென்றால் அவை சாய்ந்த நிலையிலேயே வரையப்பட்டவை. நோட்டோ செரிஃப் தமிழுக்கும் சாய்வு வடிவம் தனியே இருக்கிறது. டிரோ தமிழுக்கும் சாய்வு வடிவம் உண்டு. குடும்பம் சாய்வையே விரும்பினால் இவற்றை முதலில் காட்டிவிட்டு, பிறகு நேரெழுத்தின் நன்மையைச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றில் நானும் உறுதியாக இருக்கிறேன். சாய்ந்த தமிழை ஒரு வரிக்கு மேல் நீட்டாதீர்கள். 'திருவளர்ச்செல்வன்', 'திருவளர்ச்செல்வி' என்ற அடைமொழி வரி, அல்லது குறள் ஒன்று, இவ்வளவே அதற்கான இடம். மணமக்கள் பெயர் பாட்டிமார் கண்ணாடி போடாமலே படிக்கக்கூடிய நேரெழுத்தில் இருக்கட்டும்.

தெலுங்கில் எங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே எழுத்துகள் பெரும்பாலும் வட்டங்களால் ஆனவை. அடிக்கோட்டின் மீது நிற்பவை அல்ல. ஆகவே வட்டத்தின் மேலும் கீழும் மெலியவிட்டுப் பக்கங்களைத் தடிக்க வைத்தாலும் படிப்பதற்குத் தடை வராது. தலைக்கட்டு மட்டும் உடையாமல் பார்த்துக்கொள்கிறோம். ஒரே அட்டையில் தெலுங்குக்கு வேறுபாடு மிகுந்த எழுத்தும் தமிழுக்கு மிதமான எழுத்தும் வைத்துப் பார்த்திருக்கிறோம். இரண்டின் கருமையும் சமமாக இருந்தால் கண் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. அட்டையைக் கைநீட்டும் தொலைவில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எந்த மொழி கறுத்துத் தெரிகிறது என்பது புலப்படும். எடையை அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.


கொழிஞ்சாம்பாறை அச்சகத்தார் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அளந்து பார்த்தேன்; நான் பயன்படுத்தியது பேரளவுக்கென வரைந்த வடிவம், அதையே முகவரி வரிக்கும் சுருக்கியிருக்கிறேன். பொடோனி மோடாவின் சிற்றளவுக் கோப்புகளை நிறுவிக்கொண்டேன். இரண்டு 'ண' எழுத்துகளை அருகருகே அச்சடித்துக் காட்டியதும் பெண்ணின் தந்தை தாமாகவே நேரெழுத்தைச் சுட்டிக் காட்டினார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். இதே அட்டையில் மலையாளமும் வருகிறது. அதற்கு எந்த எழுத்து பொருந்தும்? மணமக்கள் பெயர்களுக்கு நடுவில் வரும் 'அண்ட்' (&) குறியைச் சாய்வெழுத்திலேயே பெரிதாக வைக்க விரும்புகிறேன். தமிழ்ப் பெயர்களுக்கு நடுவிலும் அதே குறியை வைக்கலாமா?


களியக்காவிளை எழுத்துவரைவர் எழுதியது:

மலையாளத்துக்கு ரசனா எழுத்துருவைப் பாருங்கள். அதில் தடிப்பும் மெலிவும் உண்டு என்பதால் பொடோனிக்கு அருகில் இயல்பாக நிற்கும். பழைய லிபியின் கூட்டெழுத்துகளும் அதில் முழுமையாக இருப்பதால் திருமணப் பத்திரிகைக்கு ஒரு கம்பீரம் வரும். 1971ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் படித்தவர்களும் அதைத் தடையின்றிப் படிப்பார்கள். பழைய லிபியில் உகரக் குறியும் கூட்டெழுத்தின் இரண்டாம் உறுப்பும் கீழே இறங்கும் என்பதால், தமிழுக்குக் கொடுத்த வரி இடைவெளியைவிடச் சற்று அதிகம் தேவைப்படும். சந்தோஷ் தோட்டிங்ஙல் வரைந்த மஞ்சரி மிக அழகான எழுத்து. ஆனால் அதன் கோட்டு முனைகள் உருண்டவை, தடிப்பும் ஏறக்குறைய ஒரே சீரானது. கூரிய செரிஃப் உள்ள பொடோனியோடு அதை ஒரே வரியில் சேர்க்காமல், அட்டையின் பின்பக்கத்து வழிகாட்டி விவரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

'அண்ட்' குறி பற்றி: இந்தச் சாய்வெழுத்து வகையில் மிக அழகிய உருவங்களில் ஒன்று அதுதான் என்று நான் நினைக்கிறேன். தடிப்பும் மெலிவும் ஒரே வீச்சில் மாறி ஓடுவது அதில் முழுமையாகத் தெரியும். ஆங்கிலப் பெயர்களை நேரெழுத்தில் அமைத்து, நடுவில் இந்தக் குறியை மட்டும் சாய்வெழுத்தில் இரு மடங்கு அளவில் வைத்துப் பாருங்கள். முழுப் பெயரையும் சாய்ப்பதைவிட அது அமைதியாக இருக்கும். தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே அதை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். தமிழில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, அவரவர் பெற்றோர் பெயரோடு வருவதே வழக்கம். அங்கே இணைப்புக் குறிக்கு வேலை இல்லை.

இன்னொரு செய்தி. ஒரே வரியில் ஆங்கிலச் சாய்வெழுத்தை அடுத்து நேரான தமிழ் எழுத்தோ அடைப்புக்குறியோ வந்தால், 'எஃப்' (f), 'டி' (d) போன்றவற்றின் சாய்ந்த தலை அதன் மீது போய் இடிக்கும். அந்த இடத்தில் மட்டும் மெல்லிய இடைவெளி ஒன்றைக் கையால் சேர்த்துவிடுங்கள். எழுத்துருவின் கெர்னிங் (எழுத்து இணைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சீர்செய்யும் அமைப்பு) இரண்டு வெவ்வேறு எழுத்துருக்களுக்கு இடையே வேலை செய்யாது. முழுப் பெயரையும் பெரிய சாய்வெழுத்துகளில் அமைக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய எழுத்துகள் மட்டுமே வரிசையாகச் சாய்ந்து நின்றால் இந்த எழுத்தின் ஓட்டம் அறுந்துபோகும். அந்த ஓட்டம் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது.


செங்கோட்டை ஆஃப்செட் எழுதியது:

பிளாக் செய்யக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். எல்லா எழுத்தையும் கர்வ்ஸாக மாற்றிய கோப்பையே கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கிருக்கும் கணினியில் உங்கள் சிற்றளவு வடிவம் இல்லாமல் வேறு பொடோனி வந்து அமர்ந்துவிடும். தமிழும் மலையாளமும் அங்கே சிதறாமல் இருக்கவும் அதுவே வழி. கோப்பின் ஓரத்தில் அந்த அட்டையில் உள்ள மிக மெல்லிய கோட்டின் அளவைப் பாயிண்டில் எழுதி, அதற்குக் கீழே போகாமல் எடுத்துத் தரும்படி கேளுங்கள். மெக்னீசியம் பிளாக்கில் இந்த நுணுக்கம் நிற்காது என்று அவர்கள் சொன்னால் செம்பில் செய்து தரச் சொல்லுங்கள். விலை கூடும், ஆனால் மயிரிழையின் ஓரம் கூர்மையாக வரும். அட்டையைப் பொறுத்தவரை, சொரசொரப்பு வேண்டும் என்று குடும்பம் விரும்பினால் அதை உறைக்கு மாற்றிவிட்டு, பெயர்கள் வரும் உள்ளட்டையை வழவழப்பான மேட் அட்டையில் எடுங்கள்.